பந்துக்குச் சாதி தெரியாது, நாற்காலிக்குத் தெரியும்

"விளையாட்டில் ஏது சாதி? யார் எந்தத் தெரு என்று பந்துக்குத் தெரியுமா?" போன வாரம் புத்தூர் நால்ரோட்டு டீக்கடையில் ஒருவர் என்னிடம் கேட்டார். பந்துக்குத் தெரியாதுதான். யாரை ஆட விடுவது, யாரை வெளியே உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறவருக்குத் தெரியும். அந்தப் பயிற்சியாளர் நாற்காலியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

காலித் ஜமீலை எடுத்துக்கொள்வோம். மஹிந்திரா யுனைடெட்டுக்கும் இந்திய அணிக்கும் ஆடியவர். காயங்கள் அவர் ஆட்டத்தை முடித்தன. 2009இல் மும்பை எஃப்சியின் பயிற்சியாளரானார். ஏழு ஆண்டுகள் அந்தச் சிறிய அணியை ஐ-லீக்கிலிருந்து இறங்காமல் காத்தார். 2016இல் அந்த வேலை போனது. அடுத்த சீசனிலேயே மிசோரத்தின் ஐசால் எஃப்சியை ஐ-லீக் சாம்பியனாக்கினார். வடகிழக்கிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் அணி அது.

உடனே ஐஎஸ்எல் கதவு திறந்ததா? இல்லை. 2014இல் தொடங்கிய அந்த லீக்கில் ஓர் இந்தியர் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக 2021 வரை ஆனது. அதுவும் சீசன் நடுவில் தற்காலிகமாக உட்காரவைத்து, அவர் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை அரையிறுதிக்குக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு. 2025 ஆகஸ்டில் இந்திய அணியே அவர் பொறுப்புக்கு வந்தது. 13 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இடத்தில் ஓர் இந்தியர்!

காலித்தின் கதை சாதிக் கதை அல்ல. ஆனால் கதவை எப்படிப் பூட்டுகிறார்கள் என்பதைக் காட்டும் கதை. வாய்ப்பே தராமல் 'அனுபவம் இல்லை' என்பது, அனுபவம் இல்லாததால் 'தகுதி இல்லை' என்பது. தோழர்களே, இதை நாம் இதற்கு முன் கேட்டதே இல்லையா?

வெளிநாட்டவர் மட்டுமே அமர்ந்தபோது "இந்தியருக்கு இடமில்லையா?" என்று நியாயமாகக் குமுறியவர்களிடம் கேட்கிறேன்: அந்த 'இந்தியர்' யார்? சமார் சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலுவும் இந்தியர்தான். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். புனேயில் அவருக்குத் தேநீர் தனி மண்குவளையில். விக்கெட் வேண்டும், அணித்தலைமை மட்டும் கூடாது. 1920இல் தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து எதிர்த்தார்கள். 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். பாலுவுக்கு அது கிடைக்கவே இல்லை.

இன்று மண்குவளை இல்லை, லைசென்ஸ் இருக்கிறது. டி, சி, பி, ஏ, புரோ என்று படிகள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம், பயணம், வேலையை விட்டுவிட்டு நாட்கணக்கில் பயிற்சி. கூலி வீட்டுப் பிள்ளை எந்தப் படியோடு நின்றுபோவான்? மாவட்ட அணிக்கு ஆடிய தம்பி ஒருவன் எங்கள் பகுதியில் உணவு டெலிவரி வண்டி ஓட்டுகிறான். ஞாயிறு காலையில் சிறுவர்களுக்குப் பந்து சொல்லித்தருகிறான். சம்பளமும் இல்லை, சான்றிதழும் இல்லை. அவனிடம் இல்லாதது பணம், தகுதி அல்ல.

லைசென்ஸ் கட்டணம் முழுவதையும் ஆதிதிராவிடர் நலத்துறை ஏற்கட்டும். தனியார் கிளப்புகள் தங்கள் பயிற்சியாளர் குழுவின் சமூகக் கணக்கை வெளியிடட்டும். அரசுப் பயிற்சியாளர் பணியிடங்களில் இடஒதுக்கீடு எப்படி நிரப்பப்பட்டிருக்கிறது என்று ஆர்டிஐ போட்டு நாம் கேட்போம். மனு எழுதத் தெரியவில்லை என்றால் வாருங்கள், சேர்ந்தே எழுதுவோம்.

ஜெய்பீம்.