பத்து வயதில் ஒரு தீர்ப்பு
மட்டக்களப்பின் எழுவான்கரைச் செட்டிபாளையத்திலே ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் வெட்டுப்புள்ளியைத் தொடாத பத்து வயதுப் பிள்ளையை மந்தபுத்தியென்று முத்திரையிடுவது, எவ்வளவு அன்பினால் விளைந்த பதற்றமாயினும், அநியாயமே; அவ்வயதில் மூளையின் வளர்ச்சி முற்றுப்பெறுவதில்லை. அமெரிக்காவில் ஜே கீட் என்பாரும் சகாக்களும், ஒரே பிள்ளைகளின் மூளையைக் காந்த அதிர்வுக் கருவியினால் சில ஆண்டு இடைவெளிகளில் மீண்டும் படமெடுத்து 1999இல் வெளியிட்ட ஆய்வு, முன்மடலின் சாம்பற்பொருள் பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 11 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 12 வயதிலுமே உச்சமடைந்து, பின்னர் மெலிவதைப் புலப்படுத்தியது. (மெலிவென்றதும் அஞ்சவேண்டா, உபயோகமற்ற இணைப்புகள் கழிவதும் அதற்கொரு காரணமென்பது விஞ்ஞானிகளின் அனுமானம்.) 2004இல் நிதின் கோக்டே முதலியோர் 4 முதல் 21 வயதுவரை மூளை வளர்ச்சியைத் தொடர்ந்து நோக்கியபோதோ, அசைவுக்கும் புலனுக்குமுரிய பகுதிகள் முந்திப் பக்குவமுற, விவேகத்துக்கும் திட்டமிடலுக்கும் ஆதாரமான முன்மடற் பகுதிகள் மிகப் பிந்தியே முதிர்ந்தன.