புளொக் கல்லை நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள்

ஹந்தானை, அம்பிட்டிய, கட்டுகஸ்தோட்டை என்று கண்டியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் வீடுகள் சரிவில்தான் நிற்கின்றன. வாசலில் நிற்கும் காரும் சரிவில்தான். அதன் முன்பக்கத்தை ஜக்கால் உயர்த்தி, இரண்டு சீமெந்து புளொக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, ஒயில் மாற்ற அடியில் படுப்பது விடுமுறை நாள் வழக்கமாகிவிட்டது. உயிரைப் பறிக்கக்கூடிய இந்த வழக்கம் இன்றே நிற்க வேண்டும்.

மக்களைக் குறைகூறிப் பயனில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரியோடு சேர்த்தால் புதிய கார் சாதாரண குடும்பத்துக்கு எட்டாது. பழைய காரைத்தான் இழுத்துப்பிடித்து ஓட்ட வேண்டும். கராஜ் கூலியை மிச்சப்படுத்த நினைப்பதும் இயல்பே.

ஆனால் புளொக் கல் சுவர் கட்ட வார்த்த கல். பாரம் பரவலாக இறங்கினால் தாங்கும். ஒரே புள்ளியில் அழுத்தினால் சொல்லாமல் கொள்ளாமல் சிதறும். மரமாவது முதலில் நெரிந்து சத்தம் போடும். ஜக்கும் தூக்குவதற்குத்தான், தாங்கி நிற்பதற்கு அல்ல. உள்ளே ஒரு சீல் கசிந்தாலே ஹைட்ரோலிக் ஜக்கு இறங்கிவிடும்.

சரிவு இந்த ஆபத்தைப் பெருக்குகிறது. 10 அடிக்கு 1 அடி இறங்கும் வாசலில், ஒரு தொன் காரைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 100 கிலோ. பெரும்பாலான கார்களில் ஹேன்ட் பிரேக் பிடிப்பது பின்சில்லுகளை மட்டுமே. பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பிடி போய்விடும்.

ஆகவே சமதரை இல்லாவிட்டால் கராஜுக்கே போங்கள். சமதரை இருந்தால், ஜக்கால் தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டான்டையோ, சில்லுகளை ஏற்றி நிறுத்தும் சாய்தளத்தையோ பயன்படுத்துங்கள். மழையில் ஊறிய மண்ணும் ஆகாது. பாரம் ஏறியதும் ஸ்டான்டின் கால் புதையும். சாய்தளம் வாங்கினால் தாங்கும் எடை பொறித்ததாகப் பாருங்கள். மரத்தில் செய்வதானால், டயரைவிட அகலமான 2 அங்குலப் பலகைகளைப் படிப்படியாக அடுக்கி, பசையிட்டுத் திருகாணியால் இறுக்குங்கள். உச்சியில் சில்லு முழுதாக அமரும் சமதட்டும், முனையில் தடுப்புக் கட்டையும் கட்டாயம். முன்பக்கத்தை ஏற்றினால் பின்சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். சில்லைக் கழற்றும் வேலைக்குச் சாய்தளம் உதவாது, ஸ்டான்ட் வேண்டும். அடியில் போகுமுன் காரைப் பலமாக அசைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கவாவது ஆள் வேண்டும்.

வாங்கும் பொருளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அமெரிக்காவில் ஹார்பர் பிரெய்ட் நிறுவனம் 2020இல் 17 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டான்டுகளைத் திரும்பப் பெற்றது. பூட்டுப் பற்கள் சரியாகப் பிடிக்காமல் திடீரென இறங்கக்கூடும் என்பதே காரணம். மாற்றாகக் கொடுத்த சிலவற்றிலும் வெல்டிங் குறை இருந்தது. பெயரும் மாதிரி இலக்கமும் இருந்ததால்தான் அங்கே அவற்றைத் திரும்பப் பெற முடிந்தது. பெயரில்லாத ஸ்டான்ட் முறிந்தால் யாரிடம் கேட்பது?

தாங்கும் எடையும் தயாரிப்பாளர் பெயரும் பொறிக்காத ஜக்கு, ஸ்டான்ட், சாய்தளம் எதுவும் கடையில் இருக்கக்கூடாது. இதை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை உறுதிசெய்ய வேண்டும். வீட்டில் சமதரை இல்லாதவர்கள் சிறு கட்டணத்தில் பயன்படுத்த, கண்டி மாநகர சபை கொங்கிறீட் தளமொன்றை ஒதுக்க வேண்டும். ஒரு மரணம் நிகழ்ந்து, விசாரணை நடந்து, அதன்பின் விதி வரட்டும் என்று காத்திருப்பது குற்றம்.