எட்டுப் பேரில் ஒருத்தி! பெண் குழந்தைகளைப் பந்தலுக்கு அனுப்புவது யார்?

ஏப்ரலில் பரீட்சை முடிகிறது. வைகாசியில் முகூர்த்தம் வந்துவிடுகிறது. ஜூனில் பள்ளி திறந்து பெயர் கூப்பிடும்போது, ஏதோ ஒரு வகுப்பில் ஒரு பெயருக்குப் பதில் வருவதில்லை. "அவளுக்குக் கல்யாணம் ஆயிட்டுது, டீச்சர்" என்று பக்கத்துப் பெஞ்சு சொல்கிறது. பெயர் அடிபடுகிறது. பூந்தமல்லி வட்டாரத்து உழைப்பாளி மக்களிடையே வேலை செய்கிற நமக்கு இது புதிய செய்தியல்ல.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1929ல் சாரதா சட்டம் பெண்ணின் வயதை 14 என்று வைத்தது. 1930 ஏப்ரல் முதல் தேதி அது அமுலுக்கு வருமுன், கிடைத்த ஆறு மாத அவகாசத்தில் நாட்டின் பல பகுதிகளில் குழந்தைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள்! 1949ல் 15, 1978ல் 18 என வயது உயர்ந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம், சிறுமியை மணக்கும் ஆணுக்கும் மணத்தை நடத்திவைப்பவருக்கும் இரண்டாண்டு வரை கடுங்காவல் என்கிறது. ஆயினும் என்ன? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 12.8 பேர் 18 நிரம்புமுன் மணமுடிக்கப்பட்டவர்கள். அகில இந்திய அளவில் இது 23.3. மற்றவர்களைவிட நாம் மேல் என்று மார்தட்ட இதில் என்ன இருக்கிறது? எட்டுப் பேரில் ஒருத்தி!

ஏன் இப்படி? தாய்மார்களைக் கேட்டால் ஒரே பதில்தான். "காலைல நானும் அவரும் வேலைக்குப் போனா ராத்திரிதான் வரோம். வயசுப் பொண்ணு தனியா இருக்கு. நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா யார் பதில் சொல்றது?"

இந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் பரிகாரம் தவறு. எந்த ஆபத்துக்கு அஞ்சுகிறோமோ, அதைக் கல்யாணம் தடுப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து சட்டபூர்வமாக்கப் பார்க்கிறது. 18 வயதுக்குட்பட்ட மனைவியானாலும் அவளோடு உடலுறவு கொள்வது குற்றமே என்று 2017ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. வளர்ச்சி முடியாத உடல் பிள்ளை சுமக்கிறது. ரத்தசோகை, எடை குறைந்த சிசு, பிரசவ ஆபத்து எல்லாம் அவள் தலையில். புருஷன் குடித்துவிட்டு அடித்தால் எங்கே போவாள்? கையில் சர்டிபிகேட் இல்லை, காசும் இல்லை.

வயதை 21 ஆக்கினால் தீருமா? 2021 டிசம்பரில் மத்திய அரசு அப்படி ஒரு மசோதா கொண்டுவந்தது. 2024ல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியாயிற்று. 18 வரையே காப்பாற்ற முடியாத சர்க்கார், ஏட்டில் மூன்று வயதைக் கூட்டி என்ன பயன்? கல்லூரி மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 2022ஆம் ஆண்டுப் புதுமைப்பெண் திட்டம் நல்லதே. பள்ளியைவிட்டே நிறுத்தப்பட்டவளுக்கு அது எட்டாதே!

பூந்தமல்லியில் மெட்ரோ தூண்கள் எழுந்திருக்கின்றன. நாம் கேட்பது அதைவிடச் சிறிய விஷயம். பள்ளி நேரத்துக்கு நின்று ஏற்றிச்செல்லும் பஸ், வழியில் விளக்கு, உழைப்பாளி வீட்டுப் பெண்களுக்கு விடுதி, தாய் வீடு திரும்பும் வரை பிள்ளை பத்திரமாக இருந்து படிக்க ஒரு மாலை நேர நிலையம். இவற்றைப் போராடித்தான் பெற வேண்டும்.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். சங்கத்தில் கொடி பிடிக்கும் தோழர், பதினாறு வயது மகளுக்குப் பத்திரிகை அடித்து வருகிறார். நாம் என்ன செய்கிறோம்? மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டு வருகிறோம்! ஏழ்மையைச் சொல்லி இதை மூடி மறைக்க முடியாது. பத்திரிகை கைக்கு வந்த அன்றே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுவோம். கேட்காவிட்டால் 1098க்கோ மாவட்டச் சமூகநல அலுவலருக்கோ தகவல் கொடுப்போம். மாஜிஸ்திரேட் அந்த மணத்துக்குத் தடை போட முடியும். ஏற்கெனவே தாலி கட்டப்பட்டவளுக்கும் வழி உண்டு: 20 வயது நிரம்புமுன் கோர்ட்டில் மனுப் போட்டு அந்த மணத்தை ரத்துச் செய்யலாம். இதை ஒவ்வொரு குடிசையிலும் சொல்வோம்.

வரும் ஜூனில் பெயர் கூப்பிடும்போது, ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன்" என்ற குரல் கேட்க வேண்டும். அதற்கு இன்றே கிளம்புவோம்!