செல்லப்பா என்ன தப்பு செய்தான்?

விழுப்புரம் பக்கம், காணை மாதிரி ஊர்களில் ஒரு பையன் "சினிமாவுக்குப் போகப் போறேன்" என்று வாயைத் திறந்தால் போதும். "என்னடா, ஓஹோ புரொடக்ஷன்ஸ் ஆரம்பிக்கப் போறியா?" என்று ஒரு மாமா கேட்பார். திண்ணையே சிரிக்கும். பையன் அடங்கிப் போவான். 1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யை இதைவிடத் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாது.

படத்தில் யார் யார் பொய் சொல்கிறார்கள் என்று பாருங்கள். வேலை போன அசோக் (ரவிச்சந்திரன்) முதலாளி வீட்டுக்கு எதிரே கூடாரம் போட்டு மல்லுக்கு நிற்கிறான். அப்புறம் கோடீஸ்வரன் மகன் என்று புளுகுகிறான். நண்பன் வாசு (முத்துராமன்) கிழவர் வேஷம் கட்டி அந்தக் கோடீஸ்வரனாகவே வந்து உட்காருகிறான். எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன் (பாலையா) அத்தனையையும் நம்புகிறார். பணக்காரன் என்று சொன்னால் போதும், மனுஷன் அப்படியே உருகிவிடுவார்! அந்த வீட்டில் தனக்கு வேண்டியதை நேராகக் கேட்பவன் மகன் செல்லப்பா (நாகேஷ்) ஒருத்தன்தான். படம் எடுக்கணும், பணம் கொடுங்க. அவ்வளவுதான். அவனுக்குத்தான் கோமாளிப் பட்டம்.

இப்போது அந்தப் புகழ்பெற்ற கதை சொல்லும் காட்சிக்கு வருவோம். டிவியில் எத்தனை தடவை போட்டாலும் சலிக்காத காட்சி. செல்லப்பா கையில் காமிரா இல்லை, செட் இல்லை. வாயாலேயே சத்தம் எழுப்பி ஒரு திகில் கதை சொல்கிறான். பாலையா முகத்தைப் பாருங்கள், பட்டப்பகலில் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு வெலவெலத்துப் போகிறார். அட, இதைவிட ஒரு டைரக்டருக்கு வேறு என்ன தேர்வு வைப்பது? பையன் முதல் வகுப்பில் பாஸ். ஆனால் பாஸ் பண்ணியவனுக்குப் பணம் கிடையாது. வேஷம் போட்ட 'கோடீஸ்வரனுக்கு' ராஜ உபசாரம்!

பிரிட்டனில் 1933இல் 'தி குட் கம்பேனியன்ஸ்' என்று ஒரு இசைப்படம் வந்தது. பிரீஸ்ட்லி நாவலை வைத்து எடுத்தது. நடுவழியில் நொடித்துப்போன ஒரு கலைக்குழுவுக்கு, மிஸ் டிரான்ட் என்கிற கல்யாணமாகாத ஒரு அம்மாள் தன் சொந்தப் பணத்தைப் போட்டுத் தூக்கி நிறுத்துவார். நம் படத்தில் பெற்ற அப்பனே அதைச் செய்யவில்லை.

"அதுக்காக அப்பா சொத்தை அழிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை. கணக்குக் கேளுங்கள், பட்ஜெட் கேளுங்கள், முடியாது என்றும் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். செல்லப்பாவிடமும் குறை உண்டு. எஸ்டேட்டில் வேலை பார்ப்பவரின் மகள் மீனாட்சியை (சச்சு) கதாநாயகி ஆக்குவதாகச் சொல்லி இழுத்துவிடுகிறான், அவளுக்குக் கொடுக்கச் சம்பளம் ஏது? அதைக் கேட்க வேண்டிய மாமாக்கள் கேட்பதில்லை, 'ஓஹோ'வோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்தப் படத்தை எடுத்ததே செல்லப்பாக்கள்தான் சாமி. நாகேஷ் ரயில்வே குமாஸ்தாவாக இருந்துகொண்டே நாடகம் போட்டவர். காஞ்சனா விமானப் பணிப்பெண், இதுதான் முதல் படம். ரவிச்சந்திரனுக்கும் முதல் படம். ஸ்ரீதரும் கோபுவும் செங்கல்பட்டில் பள்ளித் தோழர்கள். அவர்கள் ஊர்த் திண்ணைகளும் சிரித்திருக்கும்!

விழுப்புரம் மாமாக்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். வி.சி. கணேசன் என்ற பெயரில் இருந்த அந்த 'வி', விழுப்புரம். 1928இல் இங்கே பிறந்த அந்தப் பையன் திருச்சியில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது, அநாதை என்று பொய் சொல்லித்தான் சேர்ந்தான், பின்னாளில் சிவாஜியே சொன்னது. நல்லவேளை, 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' வர அப்போது இன்னும் ஏறக்குறைய முப்பது வருஷம் இருந்தது.