கேட்டை மூடும் முன் கடக்க வழி வேண்டும்

தண்டவாள மரணங்கள் குறித்துப் பயணிகள் சங்கத்தின் நிலைப்பாடு

தண்டவாளத்தில் நடப்பதையும் கண்ட இடத்தில் அதைக் கடப்பதையும் பயணிகள் சங்கம் எந்தக் காரணத்துக்காகவும் ஆதரிக்கவில்லை. அதே நேரம், கடக்க வழி அமைக்காமல் அபராதம் மட்டும் வசூலித்தால் சாவுகள் குறையாது என்பதும் சங்கத்தின் உறுதியான கருத்து.

அத்துமீறித் தண்டவாளத்தில் நுழைவதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேர் இறப்பதாக அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்புக் குழு 2012-இல் கணக்கிட்டது. அவர்களில் சுமார் 6,000 பேர் மும்பை புறநகர்த் தடத்தில் மட்டும் இறந்தவர்கள். குழு இதைப் படுகொலை என்றே எழுதியது.

"ரயில் வந்தால் சத்தம் கேட்காதா?" என்கிறார்கள். 2018 அக்டோபர் 19 அன்று அமிர்தசரஸில் தண்டவாளத்தில் நின்று ராவணன் உருவம் எரிவதைப் பார்த்தவர்களுக்கு, பட்டாசுச் சத்தத்தில் ரயில் வந்தது கேட்கவில்லை. சுமார் 60 பேர் மாண்டனர். இன்று அந்தச் சத்தத்தின் இடத்தில் இயர்போன் இருக்கிறது. இரட்டைப் பாதையிலோ, ஒரு ரயிலின் இரைச்சலே எதிர்ப்பாதையில் வரும் இன்னொன்றை மறைத்துவிடுகிறது.

ஓரமாக நடந்தாலும் ஆபத்துதான். அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,676 மி.மீ. அதில் ஓடும் புறநகர் மின்சார ரயில் பெட்டியின் அகலம் சுமார் 3,660 மி.மீ. தண்டவாளத்துக்கு வெளியே இருபுறமும் ஏறக்குறைய மூன்றடிக்குப் பெட்டி நீட்டிக்கொண்டு வருகிறது. ஜல்லியில் நடப்பவர் தள்ளித்தான் நடக்கிறோம் என்று நம்பும் இடம் பெரும்பாலும் அதற்குள்தான்.

பிரேக் போட்ட பிறகும் வேகமாக வரும் ரயில் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். 2020 மே 8 அதிகாலை மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அருகே, ஊரடங்கில் ஊருக்கு நடந்தே கிளம்பிய தொழிலாளர்கள் களைத்துப்போய்த் தண்டவாளத்திலேயே உறங்கிவிட்டனர். சரக்கு ரயிலின் லோகோ பைலட் அவர்களைப் பார்த்து நிறுத்த முயன்றும் 16 பேர் இறந்தனர்.

ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆம் பிரிவு, அத்துமீறி நுழைபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும். ரயில்வே கேட்டை நிரந்தரமாக மூடி வாகனங்களுக்கு மேம்பாலம் கட்டும்போது, நடந்து வருபவரை யாரும் நினைப்பதில்லை. சுரங்கப்பாதை இருந்தாலும் மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. இரவில் விளக்கு எரிவதில்லை. கடைசியில் சுற்றுச்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுகிறது. பள்ளிப் பையோடு பிள்ளைகளும் அதன் வழியே போகிறார்கள்.

ஆகவே சங்கம் கோருவது இது: கேட் மூடப்படும் இடமெல்லாம், மூடும் முன்பே நடப்போருக்கான சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ திறக்கப்பட வேண்டும். நிலைய நடைமேம்பாலங்கள் பிளாட்பாரத்தோடு முடியாமல் இருபுறத் தெருக்களிலும் இறங்க வேண்டும். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் லிஃப்ட் அல்லது சாய்தளம் வேண்டும். சுவரில் ஓட்டை விழும் இடங்களை, மக்களுக்கு வழி தேவைப்படும் இடங்களாகக் கணக்கெடுக்க வேண்டும்.

இவை வரும்வரை, பயணிகளே, படியேறிச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தாலும் பாலத்திலேயே போங்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துத் தண்டவாளத்தின் குறுக்கே கூட்டிச் செல்லாதீர்கள்.