பழைய ஷாக் அப்சார்பரைத் தூக்கி எறியாதீர்கள்

"பழைய ரேஸ் கார் ஷாக் அப்சார்பர் போனால் போனதுதான், கழற்றி எறிந்துவிட்டு இன்றைய கேஸ் ஷாக்கை மாட்டு" என்பது ஒர்க்‌ஷாப்புகளில் வேதவாக்காகிவிட்டது. 1967இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஃபார்முலா ஃபோர்டு கார்களுக்கும் இதையே சொல்கிறார்கள். அந்தக் கார்களுக்கு இறக்கை கிடையாது. தரைப்பிடிப்பு முழுக்க டயர், ஸ்பிரிங், ஷாக் மூன்றின் கையில்தான். அதனால் இந்தப் பேச்சைச் சும்மா விட முடியவில்லை.

அமுக்கினால் பாதி தூரம் எதிர்ப்பே இல்லை, ஆகவே ஷாக் செத்துவிட்டது என்கிறார்கள். இரட்டைக் குழாய் ஷாக்கை வருடக்கணக்கில் படுக்கவைத்தால் வெளிக்குழாயில் உள்ள காற்று உள்குழாய்க்குள் புகுந்துவிடும். நிமிர்த்திப் பிடித்து, முழு நீளத்துக்கு மெதுவாகப் பல முறை அமுக்கி இழுங்கள். காற்று வெளியேறி எதிர்ப்பு திரும்பும். இதைக்கூடச் செய்யாமல் குப்பைக்குப் போனவை எத்தனையோ! அப்படியும் தேறாவிட்டால், பெரும்பாலும் கெட்டிருப்பது ஆயில் சீலும் ஆயிலும்தான். கோனி நிறுவனத்தின் அன்றைய ரேஸ் ஷாக்குகள் பிரித்து வேலை பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை. சீலுக்குள் போய்வரும் ராடின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்காவது தட்டினால் அது துருக்குழி. புதுச் சீலையும் கிழித்துவிடும். ராடைத் தேய்த்து, ஹார்ட் குரோம் ஏற்றி, பழைய அளவுக்கே கிரைண்டிங் செய்ய வேண்டும்.

கெட்டி ஆயில் ஊற்றினால் போதும் என்பதும் தவறு. தேய்ந்த வால்வில் அதுவும் சூடேறி இளகியதும் கசியும்.

புதுசு போட்டால் வேகம் கூடும் என்பதுதான் அவர்களுடைய பலமான வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 மி.மீ. ராடும் 20 பார் அழுத்தமும் உள்ள கேஸ் ஷாக், ராடைச் சுமார் 23 கிலோ விசையோடு எந்நேரமும் வெளியே தள்ளுகிறது. நான்கு ஷாக்குகளும் அப்படித் தள்ளினால், சுமார் 400 கிலோ எடையுள்ள கார் மேலெழும்பி, அமைத்துவைத்த உயரமும் சக்கரக் கோணமும் மாறிவிடும். போதாததற்கு, சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் பழைய கார் பந்தயங்களுக்கான 'கே' பின்னிணைப்பு, அந்தக் காலத்து அமைப்பையே கேட்கிறது.

உள்குழாயில் ஆழமான கீறல் விழுந்திருந்தாலோ உடல் வெடித்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். அதே வகையில் இன்னொன்றைத் தேடிப் போடுங்கள். புதுப்பித்தவற்றையும் அப்படியே மாட்டிவிடக் கூடாது. இடது, வலது இரண்டையும், எதிர்ப்பை அளந்து கோடாக வரைந்து காட்டும் டைனோவில் ஓட்டுங்கள். இரண்டின் கோடும் ஒத்துவராவிட்டால் மறுபடி பிரித்து வால்வைத் திருத்துங்கள்.