திரும்பி வந்த மோகனாம்பாள்

‘தில்லானா மோகனாம்பாள்’ 1968இல் வெளிவந்தபோது பத்மினிக்கு வயது 36. கல்யாணமாகி ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு குழந்தைக்குத் தாய். தமிழ் சினிமாவின் கணக்குப்படி இது அக்கா, அண்ணி, மாமியார் என்று படிப்படியாக இறங்கிப் போகவேண்டிய வயது. அந்த வயதில்தான் அவர் திருவாரூர் மோகனாம்பாளாக சலங்கை கட்டினார். அதன் பிறகு அந்தப் பாத்திரத்தை வேறு முகத்தோடு கற்பனை செய்ய நம்மால் முடியவில்லை. ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடரை கோபுலுவின் ஓவியங்களோடு வாரா வாரம் படித்த தலைமுறைக்கு மோகனாவுக்கு வேறொரு முகம் இருந்தது. படம் வந்ததும் அந்த முகம் பின்னுக்குப் போய்விட்டது.

பத்மினியைப் பற்றி எழுதும்போதெல்லாம் நமக்குக் கைகொடுப்பவை இரண்டே சொற்றொடர்கள்: ‘நாட்டியப் பேரொளி’, ‘சிவாஜியின் ஜோடி’. இரண்டும் பொய்யில்லை. ஆனால் ஒன்று அவரது நடிப்பை நடனத்துக்குப் பின்னால் மறைக்கிறது. மற்றது அவரது உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதுகிறது. இந்த இரண்டுக்கும் வெளியே ஒரு விஷயம் இருக்கிறது. சினிமாவை விட்டுப் போன பெண் மறுபடி அதில் நுழைவது லேசான காரியமில்லை. அவர் ஒரு தடவைக்கு மேல் போய், ஒரு தடவைக்கு மேல் திரும்பி வந்தவர்.

திருவனந்தபுரத்தில் பூஜப்புரை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மத்திய சிறை ஞாபகம் வரும். உள்ளூர்க்காரர்களுக்கு சரஸ்வதி மண்டபம். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு பத்மநாபபுரத்து சரஸ்வதியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும், வேளிமலை முருகனும் ஊர்வலமாக இந்த நகரத்துக்கு வருகிறார்கள். விஜயதசமியன்று முருகன் பூஜப்புரை மண்டபம் வரை எழுந்தருள்கிறார். மூன்று தெய்வங்களின் சொந்த ஊர்களும் 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் இருக்கின்றன, ஊர்வலம் நிற்கவில்லை. இந்தப் பூஜப்புரையில்தான் தங்கப்பன் பிள்ளை-சரஸ்வதி அம்மா தம்பதியின் மூன்று பெண்கள் வளர்ந்தார்கள். லலிதா மூத்தவர். 1932 ஜூன் 12இல் பிறந்த பத்மினி நடு. ராகினி இளையவர். ‘மலாயா காட்டேஜ்’ என்று அழைக்கப்பட்ட கூட்டுக் குடும்பம். பிற்காலத்தில் குணச்சித்திர நடிகையாகப் பெயர் பெற்ற சுகுமாரி இவர்களுக்கு உறவுமுறைத் தங்கை. அவர் பிறந்தது நாகர்கோவிலில். அன்று அது ‘அடுத்த மாநிலம்’ இல்லை, திருவிதாங்கூரின் இன்னொரு ஊர். தமிழ் இந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மொழி அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஒரு உபகதை: தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பல நடிகர்களின் நாக்கில் ‘ழ’ படும் பாட்டை நாம் அறிவோம். பத்மினிக்கு அந்தத் தொல்லை இல்லை. மலையாளத்திலும் அந்த எழுத்து உயிரோடு இருக்கிறது.

முதல் குரு, திருவிதாங்கூர் அரண்மனை நர்த்தகராக இருந்த குரு கோபிநாத். கதகளியிலிருந்து தனி மேடைக்கேற்ற ஒரு நடன முறையை உருவாக்கியவர். பரதம் கற்றது திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளையிடம். கதகளியில் கண்ணுக்கும் புருவத்துக்கும் உள்ள வேலை பரதத்தின் நேர்க்கோடுகளோடு சேர்ந்ததுதான் பின்னாளில் காமிரா முன்னால் அவருக்கு உதவியது என்பது என் எண்ணம். அந்தக் கால நாட்டிய நடிகைகள் பலருக்கு ஆட்டம் முடிந்ததும் முகம் அணைந்துவிடும். இவருக்கு அணையாது.

உதயசங்கர் தனது ‘கல்பனா’வை சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்தபோது பத்மினி பதின்வயதுப் பெண். அந்தப் படம் 1948இல் வெளிவந்தது. பல பத்தாண்டுகள் காணக் கிடைக்காமலிருந்த அதை, மார்ட்டின் ஸ்கார்செஸியின் அமைப்பு சீரமைத்து 2012இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டது. அதன் பிறகு தமிழில் ‘லலிதா-பத்மினி’ என்ற பெயர் ஒரே சொல்லாகவே விளம்பரங்களில் வந்தது. கதை எதுவானாலும் நடுவில் ஒரு நாட்டியம். அதற்கு இந்தச் சகோதரிகள். படம் பார்க்க வந்தவர்கள் கதையை மறந்துவிட்டு நாட்டியத்தை ஞாபகம் வைத்திருந்தார்கள். 1950இல் வந்த ‘ஏழை படும் பாடு’ படத்தில் லலிதா, பத்மினி இருவரும் நடித்தார்கள். விக்டர் ஹ்யூகோவின் பிரெஞ்சு நாவலை சுத்தானந்த பாரதியார் தமிழாக்கியிருந்தார். அந்தத் தமிழாக்கத்தின் தலைப்பே படத்தின் தலைப்பு. மொழிபெயர்ப்பு வேலை செய்து பிழைப்பவன் என்ற முறையில் இதைக் குறிப்பிடாமல் போக மனமில்லை.

பத்மினியைக் கதாநாயகியாகத் தமிழில் நிலைநிறுத்தியவர் இன்னொரு திருவிதாங்கூர்க்காரர், நாகர்கோவில் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன். அவர் இயக்கிய ‘மணமகள்’ 1951இல் வந்தது, வசனம் மு. கருணாநிதி. அடுத்த வருடம் அதே என்.எஸ்.கே.யின் ‘பணம்’. அதில்தான் சிவாஜி கணேசனும் பத்மினியும் முதன்முறையாக ஜோடி சேர்ந்தார்கள்.

அந்தப் பத்து வருடத்துப் படங்களைப் பட்டியல் போட்டால் பக்கம் போதாது. ‘எதிர்பாராதது’ (1954) பற்றி மட்டும் சொல்கிறேன். இறந்துவிட்டதாக நினைத்த காதலன் திரும்பி வரும்போது அவள் அவனுடைய தந்தையின் மனைவியாக இருக்கிறாள். எழுதியவர் அப்போது இளைஞரான ஸ்ரீதர். இதில் நாட்டியம் உதவாது. ஒரே வீட்டுக்குள் ஒருவனைப் பார்க்கவும் கூடாது, பார்க்காமலிருக்கவும் முடியாது என்ற நிலையை 22 வயதுப் பெண் தாங்கி நடித்திருக்கிறார். படத்தைப் பார்த்தவர்கள் பேசுவது என்னவோ சிவாஜியைப் பற்றித்தான்.

‘வஞ்சிக்கோட்டை வாலிப’னின் (1958) போட்டி நடனத்தைச் சொல்லாமல் விட்டால் வாசகர் கடிதம் வரும். வைஜயந்திமாலாவும் பத்மினியும் மோத, பி.எஸ். வீரப்பா உதிர்த்த வாசகம் அரசியல் மேடை வரை புழங்கிவிட்டது. யார் ஜெயித்தார் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதைவிட அக்கறையானது அந்த இருவரும் பிற்பாடு எடுத்த முடிவுகள்.

அதற்குமுன் வடக்கைப் பற்றி இரண்டு வரி. 1957இல் இந்தியாவும் சோவியத் யூனியனும் சேர்ந்து தயாரித்த ‘பர்தேசி’யில் அவர் இருந்தார். 1960இல் ராஜ்கபூரோடு ‘ஜிஸ் தேஷ் மே கங்கா பெஹ்தி ஹை’. மொழி தெரியாத ஊரிலும் கொடி பறந்தது.

1961இல் பத்மினி, டாக்டர் கே.டி. ராமச்சந்திரனை மணந்தார். கையிலிருந்த படங்களை முடித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். அந்த நாட்களில் கல்யாணத்துக்குப் பின் நடித்தவர்களே இல்லையா என்றால், இருந்தார்கள்: பானுமதி, அஞ்சலிதேவி, சாவித்திரி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பானுமதியின் கணவர் ராமகிருஷ்ணா படம் எடுப்பவர். அஞ்சலிதேவியின் கணவர் ஆதிநாராயண ராவ் இசையமைப்பாளர். சாவித்திரியின் கணவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக்காரரும் அதே தொழிலில் இருந்தால் வீட்டிலிருந்து ஸ்டூடியோவுக்குப் போகும் பாதை திறந்தே இருக்கும். வெளியாளை மணந்தவருக்கு அது கிடையாது. வைஜயந்திமாலா 1968இல் டாக்டர் பாலியை மணந்தார். மிச்சமிருந்த படங்கள் வெளிவந்ததோடு சினிமாவுக்கு முழுக்குப் போட்டார். மேடை நடனத்தை மட்டும் விடவில்லை. ஹாலிவுட்டிலும் இதே கதைதான். ஆஸ்கார் வாங்கிய கிரேஸ் கெல்லி, 1956இல் மொனாக்கோ இளவரசரை மணந்தபோது வயது 26. பிறகு ஹிட்ச்காக் ‘மார்னி’ படத்துக்காக அழைத்தபோது முதலில் சம்மதித்தார், கடைசியில் பின்வாங்கிவிட்டார். 1982இல் கார் விபத்தில் இறக்கும்வரை ஹாலிவுட்டுக்குத் திரும்பவில்லை. இளவரசிக்கு இல்லாத சலுகை பூஜப்புரைப் பெண்ணுக்குக் கிடைத்தது. அல்லது அவரே எடுத்துக்கொண்டார்.

1966இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘சித்தி’. தம்பி டாக்டருக்குப் படிக்கவேண்டும் என்பதற்காக, பிள்ளைகள் உள்ள கிழவருக்கு வாழ்க்கைப்படும் பெண். கிழவராக எம்.ஆர். ராதா. இந்தக் கதையை இன்று யாராவது எடுத்தால் நான் சண்டைக்குப் போவேன். பெண்ணின் தியாகத்தைப் பாராட்டியே அவளைக் குழிக்குள் தள்ளும் கதைகளில் இதுவும் ஒன்று. ஆனாலும் படத்தில் பத்மினி அழுவதைவிட அதிகமாக எரிச்சல்படுகிறார், எதிர்த்துப் பேசுகிறார், கணக்குப் போடுகிறார். எழுதியவர் தெய்வத்தை எழுதினார். நடித்தவர் ஒரு மனுஷியைக் கொண்டுவந்து நிறுத்தினார். படம் ஓடியது. ‘சரஸ்வதி சபதம்’, ‘இரு மலர்கள்’, பிறகு ‘தில்லானா’.

‘தில்லானா’வில் அவருடைய உடம்பு கனத்திருந்தது என்று குறை சொல்பவர்கள் உண்டு. கனத்திருந்தது உண்மை. அதுதான் படத்துக்கு நல்லதாகப் போயிற்று என்பேன். சிக்கல் சண்முகசுந்தரத்தின் கர்வத்துக்கு எதிரே நிற்க ஒரு சின்னப்பெண் போதாது. தன் தொழிலைக் கரை கண்ட ஒருத்தி வேண்டும். கோயிலில் அவள் ஆடும்போது அவன் தூணுக்குப் பின்னால் ஒளிந்து பார்க்கும் காட்சியை மறுபடி ஒருமுறை பாருங்கள், கால்களை விட்டுவிட்டுக் கண்களை மட்டும். பாட்டு தெய்வத்தைக் கூப்பிடுகிறது. சபை அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. தூணுக்குப் பின்னால் இருப்பவனுக்கு வேறொரு அர்த்தம் போகிறது. பக்கத்தில் இருக்கும் தாய்க்கு சந்தேகம் வரக்கூடாது. ஒரே பார்வையில் மூன்று விலாசம். மதுரை சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரமும் பி. சுசீலாவின் குரலும் பின்னால் இருந்தன என்பது சரி. ஆனால் அந்தப் பார்வை இரவல் இல்லை.

சொந்த ஊர் சினிமாவும் அவரைக் கூப்பிட்டது. திருவனந்தபுரம் மெரிலாண்ட் ஸ்டூடியோவின் பி. சுப்பிரமணியம் ‘அத்தியாபிகா’, ‘குமார சம்பவம்’ படங்களில் அவரை நடிக்க வைத்தார். கேரள அரசு சிறந்த படத்துக்கு முதன்முதலாக வழங்கிய விருது, 1969ஆம் ஆண்டுக்காக, ‘குமார சம்பவ’த்துக்குத்தான். அடுத்த வருடம் தமிழில் ‘வியட்நாம் வீடு’: நரைத்த தலை, மடிசார். தலைமுறையின் கனவுக் கன்னி 37 வயதில் கிழவியாக வந்து நின்றதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

பிறகு அமெரிக்கா. 1976இல் தங்கை ராகினி புற்றுநோயால் இறந்தார். 1977இல் நியூஜெர்சியில் பத்மினி ஒரு நாட்டியப் பள்ளி ஆரம்பித்தார். 1981இல் கணவர் காலமானார். அதன்பின் அதிக காலம் போகாமலே அக்கா லலிதாவும் போய்விட்டார். மூவராக விளம்பரப்பட்ட பெயரில் ஒருவர்தான் மிச்சம். ஐ.டி. வேலைக்காக நம்மவர்கள் அமெரிக்காவுக்குக் கூட்டமாகப் போவதற்கு வெகு முன்பே, அங்கே வளர்ந்த இந்தியக் குழந்தைகளுக்கு அவர் அடவு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்துதான் 52 வயதில் மறுபடி வந்தார். பாசில் இயக்கிய மலையாளப் படம், 1984. மகளை இழந்து தனியாக வாழும் கிழவி; ஊர்ப் பிள்ளைகள் அழைப்பு மணியை அடித்துவிட்டு ஓடித் தொல்லை தருவதால் மணியையே கழற்றி எறிந்தவள். டில்லியிலிருந்து பேத்தி வருகிறாள். அவளைப் பிரிந்தபின், திரும்பி வருவாள் என்று மணியை மறுபடி பொருத்துகிறாள். நாட்டியமில்லை, ஜோடி இல்லை, ஒப்பனைகூட அதிகமில்லை. அடுத்த வருடம் அதையே ‘பூவே பூச்சூடவா’ என்று பாசில் தமிழில் எடுத்தபோதும் அதே பாத்திரத்தில் பத்மினி. பேத்தியாக இரண்டிலும் நதியா. மலையாளத்தில் படத்தின் பெயர் ‘நோக்கெத்தா தூரத்து கண்ணும் நட்டு’. பார்வை எட்டாத தூரத்தில் கண்ணை ஊன்றி வைத்து என்று பொருள். தமிழ்த் தலைப்பு பேத்தியின் பக்கம் போய்விட்டது. மலையாளத் தலைப்பு வாசலில் காத்திருக்கும் கிழவியின் பக்கம் நின்றது. இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தலைப்பு மாறினாலும் அந்தக் கண்கள் மாறவில்லை.

சகோதரரின் மகள் ஷோபனா, பாசிலின் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) படத்துக்காக தேசிய விருது வாங்கியதை அத்தை பார்த்தார். 2006 செப்டம்பரில் சென்னையில் பத்மினி காலமானார். மறுநாள் செய்திகளில் தலைப்பு, வழக்கம்போல, நாட்டியப் பேரொளி.